கொலிங்வூட்டின் போர்க்கப்பல்கள்: யார்டைத் தேடாதீர்கள், வாசலைத் தேடுங்கள்

ரொறன்ரோவில் இருந்து 400 நெடுஞ்சாலையில் வடக்கே ஏறினால் வரிசையாக வரும் ஊர்ப்பெயர்கள் எங்கள் சனத்துக்கு நல்ல பழக்கம். பரி, ஒரில்லியா, மிட்லண்ட், கொலிங்வூட், இன்னும் தள்ளிப் போனால் ஓவன் சவுண்ட், பாரி சவுண்ட், நோர்த் பே. எங்களுக்கு இவை குளிக்கப் போகிற, ஆப்பிள் பிடுங்கப் போகிற, பனிச்சறுக்குப் பழகப் போகிற இடங்கள். 1940களில் இதே பெயர்கள் சாம்பல் நிறக் கப்பல்களோடு வட அத்திலாந்திக்கில் அலைந்தன. பிரித்தானியர் அந்த வகைக் கப்பலுக்குப் பூக்களின் பெயரை வைத்தார்கள். கனடியர்கள் ஊர்ப்பெயர்களை வைத்தார்கள். கொர்வெட் என்று சொல்லப்படும் அந்தச் சிறு காவல்கப்பல்களில் பல, கடலில் இருந்து ஆயிரம் மைல் அளவு உள்ளே, ஏரிக்கரை ஊர்களில்தான் கட்டப்பட்டன.

இதை நானாகத் தேடிப் படிக்கவில்லை. பெரியப்பா கேட்ட ஒரு கேள்விதான் தேட வைத்தது. பெரியப்பா வல்வெட்டித்துறை. இளவயதில் கப்பலுக்குப் போனவர். எஞ்சின் ரூமில் ஓயிலராக, எஞ்சினுக்கு எண்ணெய் விட்டுப் பார்க்கிறவராக நின்றவர். வசாகா பீச்சுக்குக் குடும்பமாகப் போன ஒரு கோடையில், பிள்ளைகள் தண்ணீரில் நிற்க, அவருக்குப் பொழுது போகவில்லை. பக்கத்து ஊர்தானே, பழைய கப்பல் கட்டும் ஊராம் என்று கொலிங்வூட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். துறைமுகத்து அறிவிப்புப் பலகையை நான் வாசித்துச் சொல்லச் சொல்லக் கேட்டவர், தண்ணீரைப் பார்த்துக்கொண்டு கேட்டார்:

“சரி பிள்ளை, கட்டினவங்கள். இந்தக் குளத்துக்குள்ள கட்டின போர்க்கப்பலைக் கடலுக்கு எப்பிடிக் கொண்டு போனவங்கள்?”

ஹியூரன் ஏரியைக் குளம் என்றது பெரியப்பாவின் நக்கல். கேள்வி நக்கல் இல்லை. இந்த ஊரின் முழு வரலாறும் அந்தக் கேள்விக்குள்தான் இருக்கிறது என்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது.

முதலில் ஊரைப் பற்றி. 1855இல் ரொறன்ரோவில் இருந்து ரயில்பாதை வந்து ஜோர்ஜியன் குடாவின் கரையைத் தொட்டது. ரயில் முடிகிற இடத்தில் கப்பல் தொடங்க வேண்டும். அப்படி வளர்ந்த துறைமுகம் கொலிங்வூட். மரப் படகு கட்டுகிறவர்கள் அந்தக் காலத்திலேயே வந்துவிட்டார்கள். வாட்ஸ் என்ற குடும்பம் கட்டிய மீன்பிடிப் படகுக்கு ஊரின் பெயரே நிலைத்தது. 1883இல் தண்ணீரை வடித்துவிட்டுக் கப்பலில் வேலை செய்கிற உலர் துறை திறந்தது. 1901இல் ஹியூரோனிக் என்ற எஃகுக் கப்பலை இறக்கினார்கள். அதில் இருந்து 1986இல் மூடும் வரை இருநூறுக்கும் மேற்பட்ட கப்பல்கள். போர் தொடங்கியபோது ஊரில் ஆறாயிரம் பேர் அளவுதான்.

இப்போது போனால் அந்தக் கப்பல் கட்டும் யார்டில் எதுவும் இல்லை. தளம் இருந்த இடத்தில் அடுக்குமாடி வீடுகள்; கீழே நடைபாதை, நாயோடு உலாவுகிறவர்கள். ஒரு தெருவின் பெயர் மட்டும் ‘சைட் லோஞ்ச் வே’. பழைய தொழிற்சாலையைப் பார்க்கப் போகிறோம் என்று நினைத்துப் போகிறவர்கள் பத்து நிமிடத்தில் ஏமாந்து, ஐஸ்கிரீம் வாங்கிக்கொண்டு திரும்புவார்கள். அதனால் என் முதல் ஆலோசனை: கட்டடத்தைத் தேடாதீர்கள், தண்ணீரின் அகலத்தைப் பாருங்கள். யார்ட் இடிந்தாலும் அது கப்பலை இறக்கிய தண்ணீர்த் துண்டு இடியாது. கரையில் நின்று எதிர்க்கரையைப் பார்த்தால் உடனே தெரியும்: ஒரு நீளமான கப்பலை வழக்கம்போலப் பின்பக்கமாக இறக்கினால் அது போய் எதிர்க்கரையில் முட்டும். ஆகவே இங்கே கப்பலைப் பக்கவாட்டில் இறக்கினார்கள். கரைக்குச் சமாந்தரமாகக் கட்டி, கொழுப்புப் பூசிய மரச் சட்டங்களின் மேல் ஏற்றி, பிடித்திருக்கும் கயிறுகளைக் கோடரியால் வெட்டிவிட்டால், முழுக்கப்பலும் சாய்ந்தபடி தண்ணீரில் விழும். அலை எழும்பி எதிர்ப்பக்கத்துச் சனத்தை நனைக்கும். இதைப் பார்க்கப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைக்கூட விட்டுவிடுவார்களாம்.

அருங்காட்சியகத்தில் இருக்கும் படங்களைப் பார்த்த பெரியப்பா, “வல்லிபுரக் கோயில் தேருக்கு வந்த சனம் மாதிரியெல்லே நிக்குது” என்றார். அவருடைய ஊரில் மரக்கப்பலைக் கரையிலேயே கட்டி, ஆட்கள் கூடித் தள்ளி இறக்கியவர்கள். அங்கே கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பல் 1938இல் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகம் வரைக்கும் போனது என்பதை அவர் இந்த இடத்திலும் சொல்லாமல் விடவில்லை. அதை எங்கே போனாலும் சொல்லுவார்.

பக்கவாட்டு இறக்கம் வேடிக்கை மட்டும் இல்லை. 1969இல் டடுசாக் என்ற சரக்குக்கப்பல் நேரத்துக்கு முன்பே நழுவி இறங்கியதில் அடியில் வேலை செய்துகொண்டிருந்தவர்களில் இருவர் செத்துப்போனார்கள், பலருக்குக் காயம். திருவிழாப் படங்களை மட்டும் பார்த்துவிட்டு வருகிறவர்களுக்கு இது தெரியாமல் போகும். அருங்காட்சியகத்தில் கேளுங்கள். கேட்டால்தான் சொல்வார்கள் என்று இல்லை. கேட்டால் விரிவாகச் சொல்வார்கள்.

அருங்காட்சியகம் செயின்ட் போல் தெருவில், பழைய ரயில் நிலையத்தின் சாயலில் கட்டிய கட்டடத்தில் இருக்கிறது. சிறியது. வேகமாகப் பார்த்தால் அரை மணித்தியாலம். ஆனால் போவதற்கு முன்பே மின்னஞ்சல் எழுதி, எந்தக் கப்பலைப் பற்றி அறிய வேண்டும் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். “யார்டின் வரலாறு” என்று கேட்டால் எல்லாருக்கும் சொல்லும் கதைதான் வரும். “மூஸ் ஜோ கப்பலின் படம் இருக்கிறதா” என்று கேட்டால் பேச்சே வேறு.

மூஸ் ஜோவுக்குப் பிறகு வருகிறேன். முதலில் கொலிங்வூட் என்ற கப்பலைச் சொல்ல வேண்டும். இந்த யார்ட் கட்டிய முதல் கொர்வெட்டுக்கு ஊரின் பெயரையே வைத்தார்கள். 1940 மார்ச் 2இல் அடிக்கட்டை வைத்தார்கள். ஜூலை 27இல் தண்ணீரில் இறக்கினார்கள். நவம்பர் 9இல் கடற்படையில் சேர்த்தார்கள். கப்பல்களின் வரலாற்றைத் தேடுகிறவர்கள் இந்த மூன்று திகதிகளையும் பிரித்து வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு பலகையில் ஒன்று, ஒரு புத்தகத்தில் இன்னொன்று இருக்கும். இரண்டும் சரியாகவே இருக்கும். ஒன்று கப்பல் நனைந்த நாள், மற்றது கொடி ஏறிய நாள்.

எட்டு மாதத்தில் ஒரு போர்க்கப்பல் எப்படி முடிந்தது? அது போர்க்கப்பலாகவே பிறக்கவில்லை என்பதுதான் பதில். இங்கிலாந்தின் ஸ்மித்ஸ் டொக் நிறுவனத்தின் வில்லியம் ரீட், தாங்கள் கட்டிவந்த திமிங்கில வேட்டைக் கப்பலின் வரைபடத்தைத் திருத்தி வரைந்தது இது. நீளம் 205 அடி, அகலம் 33 அடி, எடை 950 தொன் அளவு. நான்கு சிலிண்டர் நீராவி எஞ்சின், 2,750 குதிரைவலு, வேகம் 16 நொட். முன்னுக்கு ஒரு நான்கு அங்குல பீரங்கி. பின்னுக்கு நீர்மூழ்கிகளின் தலையில் போட ஆழவெடிகள். அந்தக் கால வேகப் போர்க்கப்பல்களுக்கு வேண்டிய டர்பைன் எதுவும் தேவையில்லை. ஏரிகளில் தானியமும் நிலக்கரியும் ஏற்றும் கப்பல்களைக் கட்டிப் பழகிய கைகளுக்கு இது தெரிந்த வேலை.

எஞ்சின் விபரத்தை வாசித்துக் காட்டியபோது பெரியப்பாவின் முகம் மலர்ந்தது. “இது பிழைச்சாலும் சுத்தியலோட நிண்டு திருத்தலாம். டர்பைன் பிழைச்சா ஆண்டவனைத்தான் கூப்பிடவேணும்” என்றார்.

கட்டுவது சுலபம், அதற்குள் இருப்பது சுலபம் இல்லை. வட்டமான அடிவயிறு கொண்ட கப்பல், சின்ன அலைக்கும் உருளும். சமையலறை பின்னுக்கு, மாலுமிகள் படுக்கும் இடம் முன்னுக்கு. ஆரம்ப காலக் கொர்வெட்களில் சாப்பாட்டைத் திறந்த தளத்தால் தூக்கிக்கொண்டு போகவேண்டும். அலை அடித்தால் சாப்பாடு கடலுக்கு. பிரித்தானியர் தங்கள் கப்பல்களின் முன்தளத்தை நீட்டி இதைத் திருத்திக்கொண்டார்கள். கனடியக் கப்பல்களுக்கு அந்தத் திருத்தம் பிந்தித்தான் கிடைத்தது. அவசரத்தில் கட்டி அவசரத்தில் அனுப்பிவிட்டார்கள். திருத்துவதற்குத் திருப்பி அழைக்கப் போர் விடவில்லை.

இனிப் பெரியப்பாவின் கேள்விக்கு வருவோம். ஹியூரன் ஏரி கடல்மட்டத்தில் இருந்து 176 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. கொலிங்வூட்டில் இருந்து புறப்படும் கப்பல் ஹியூரன் ஏரியைத் தாண்டி, செயின்ட் கிளெயர் ஆறு, டெட்ரொயிட் ஆறு வழியாக ஈரி ஏரிக்கு வந்து, நயாகரா அருவியைச் சுற்றிக்கொண்டு போகும் வெலண்ட் கால்வாயில் இறங்கி, ஒன்ராறியோ ஏரியைக் கடந்து, செயின்ட் லோரன்ஸ் ஆற்றின் கால்வாய்களால் மொன்றியாலுக்கு வந்து, அங்கிருந்து கியூபெக், ஹலிபக்ஸ் என்று போக வேண்டும். வழி முழுக்க லொக்குகள்: கப்பலை உள்ளே விட்டுக் கதவை மூடி, தண்ணீரைக் குறைத்து ஒரு படி கீழே இறக்கிவிடும் தொட்டிகள்.

வெலண்ட் கால்வாய் 1932இலேயே பெரிதாகிவிட்டது. ஆனால் செயின்ட் லோரன்ஸ் கால்வாய்கள் 19ஆம் நூற்றாண்டு அளவிலேயே இருந்தன: லொக்கின் நீளம் 270 அடி, அகலம் 45 அடி, ஆழம் 14 அடி. இன்றைய பெரிய செயின்ட் லோரன்ஸ் கடல்வழி திறந்தது 1959இல்தான். இந்த மூன்று எண்களையும் வைத்துக்கொண்டு பார்த்தால் எல்லாம் விளங்கும். 205 அடிக் கொர்வெட் அதற்குள் போகும். பிறகு வந்த ரிவர் வகை பிரிகேட், கொர்வெட்டைவிடப் பெரிய காவல்கப்பல், 301 அடி, அது போகாது. அதனால்தான் ஏரிக்கரை யார்டுகள் கொர்வெட் கட்டின. பிரிகேட் வேலை கீழே செயின்ட் லோரன்ஸ் கரைக்கும் பசிபிக் கரைக்கும் போனது. கொலிங்வூட்காரர்களுக்குத் திறமை காணாது என்று இல்லை, வாசல் காணாது. எந்தத் தொழிற்சாலையின் வரலாற்றைத் தேடினாலும், அங்கே செய்த பொருள் எந்த வழியால் வெளியே போனது என்று முதலில் பாருங்கள். என்ன செய்தார்கள், எதைச் செய்யாமல் விட்டார்கள் என்பதற்குப் பாதிக் காரணம் அங்கே கிடைக்கும்.

இரண்டாவது வாசல் குளிர்காலம். டிசம்பர் ஆனால் கால்வாய்களும் ஆறும் உறைந்து மூடிவிடும். அதற்குள் இறங்காத கப்பல் வசந்தம் வரை ஏரிக்குள் கட்டுண்டு கிடக்கும். நவம்பர் 9இல் கொலிங்வூட்டும், நவம்பர் 25இல் ஒரில்லியா என்ற கொர்வெட்டும் கடற்படையில் சேர்ந்ததைத் திகதியாக மட்டும் பார்த்தால் ஒன்றும் தெரியாது. பனிக்கு முன்னால் ஓடிய ஓட்டம் என்று பார்த்தால் தெரியும்.

மூன்றாவது வாசலைக் காண நீங்கள் வசாகா பீச்சிலேயே நிற்கலாம். அங்கே நொட்டவசாகா ஆற்றில் நான்சி தீவு இருக்கிறது. 1789இல் கட்டிய நான்சி என்ற பாய்க்கப்பல், 1812இல் தொடங்கிய போரில் பிரித்தானியருக்குச் சாமான் ஏற்றியது. 1814 ஓகஸ்ட் 14இல் அமெரிக்கக் கப்பல்கள் ஆற்றுவாயில் வந்து தாக்கியபோது எரிந்து அமிழ்ந்தது. அமிழ்ந்த உடலைச் சுற்றி மண் சேர்ந்து சேர்ந்து தீவானது. 1920களில் தோண்டி எடுத்தார்கள். எங்கள் ஆட்கள் கோழி வாட்டிச் சாப்பிடும் இடத்தில் இருந்து நடந்தே போகலாம். போவதற்கு முன் திறந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்தப் போர் முடிந்த கையோடு, 1817இல், இரு தரப்பும் ரஷ்-பகோட் என்ற உடன்படிக்கை செய்தன. ஹியூரன் போன்ற மேல் ஏரிகளில் தரப்புக்கு இரண்டு போர்க்கப்பல், ஒன்ராறியோ ஏரியில் ஒன்று. ஒவ்வொன்றும் நூறு தொன்னுக்கு மேற்படக்கூடாது, ஒரு பீரங்கிதான். எழுத்துப்படி பார்த்தால் 950 தொன் கொர்வெட்டைக் கொலிங்வூட்டில் கட்டியதே குற்றம். இரு அரசுகளும் கடிதம் எழுதிப் பேசி ஒரு வழி கண்டன: கப்பல் ஏரிகளில் நிற்கும்வரை அதன் ஆயுதங்கள் உடனே சுட முடியாத நிலையில் இருக்க வேண்டும். அதாவது, போருக்குப் போகிற கப்பல் வாயைக் கட்டிக்கொண்டு ஊரைத் தாண்டிப் போனது. பெரியப்பாவுக்கு இது மிகவும் பிடித்துப்போனது. “கடிதாசிய மதிச்சிருக்கிறாங்கள்” என்று இரண்டு தரம் சொன்னார். ஒப்பந்தங்களைக் கிழித்துப் போட்டதையே பார்த்த ஆள். அவருக்கு அது பெரிய விசயம்.

ஏரியை விட்டுப் போன கப்பல்களுக்கு என்ன நடந்தது? 1941 மே மாதம் நியூபவுண்ட்லண்டின் செயின்ட் ஜோன்ஸுக்குப் போன முதல் கொர்வெட் கூட்டத்தில் கொலிங்வூட்டும் ஒரில்லியாவும் இருந்தன. செப்டம்பரில் எஸ்.சி. 42 என்ற சரக்குக் கப்பல் தொடரணி கிறீன்லண்ட் பக்கம் போகையில் ஜேர்மன் நீர்மூழ்கிகளிடம் மாட்டியது. அறுபதுக்கும் மேற்பட்ட கப்பல்களுக்குக் காவல் டெஸ்ட்ரோயர் எனும் வேகப் போர்க்கப்பல் ஒன்றும் மூன்று கொர்வெட்களும்தான். அந்த மூன்றில் ஒன்று ஒரில்லியா. டாச்சி என்ற எண்ணெய்க்கப்பல் அடிபட்டுக் கிடக்க, அதைக் கட்டி இழுத்துக்கொண்டு ஐஸ்லாந்துக்குப் போய்ச் சேர்ந்தது. பதினைந்து அளவில் கப்பல்கள் தாழ்ந்த அந்தச் சண்டைக்கு, பயிற்சிக்காகக் கடலில் நின்ற இரண்டு கொர்வெட்கள் ஓடிவந்தன: சேம்ப்ளியும் மூஸ் ஜோவும்.

மூஸ் ஜோ கொலிங்வூட்டில் பிறந்தது. கடற்படையில் சேர்ந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. செப்டம்பர் 10 இரவு சேம்ப்ளியின் ஆழவெடிகளால் யூ-501 என்ற ஜேர்மன் நீர்மூழ்கி மேலே வந்தது. மூஸ் ஜோ கிட்டப் போய்ச் சுடப் பார்த்தால் பீரங்கி இறுகிவிட்டது. இரண்டும் அருகருகே வந்தபோது நீர்மூழ்கியின் தலைவன் தன் ஆட்களை விட்டுவிட்டு மூஸ் ஜோவின் தளத்துக்குத் தாவி வந்துவிட்டான். மற்றவர்களும் பாய்ந்துவிடுவார்கள் என்று மூஸ் ஜோ விலகி, பிறகு மோதியது. சேம்ப்ளியில் இருந்து அதற்குள் ஏறியவர்களில் ஒரு ஸ்டோக்கர், கொதிகலன் பார்க்கும் மாலுமி, நீர்மூழ்கியோடு தாழ்ந்துபோனார். கனடிய நேவி தாழ்த்தியதாக அப்போதே உறுதியான முதல் நீர்மூழ்கி அது.

இந்தக் கதையைச் சொன்னால் எல்லாரும் தாவி வந்த தலைவனைத்தான் கேட்பார்கள். பெரியப்பா ஸ்டோக்கரைக் கேட்டார். பெயர் என்ன, எத்தனை வயது, கலியாணம் செய்தவரா என்று.

நடைபாதை வாங்கில் ஒரு நாள் யார்டில் வேலை செய்த முதியவர் ஒருவரோடு பேசக் கிடைத்தது. அவர் 1970களின் வெல்டர். போர்க்காலம் அவருடைய தகப்பனுடையது. போர் பற்றிக் கேட்டேன். பொதுவாக ஏதோ சொன்னார். பெரியப்பா தன் ஆங்கிலத்தில், குளிரில் இரும்பைத் தொட்டால் கை ஒட்டாதா என்று கேட்டார். அவ்வளவுதான். கையுறைக்குள் என்ன போட்டார்கள், பெப்ரவரியில் இரும்பு எப்படிச் சுருங்கும், ரிவெட் அடித்த தகப்பனுக்குக் கடைசிக் காலத்தில் காது எப்படிக் கேட்காமல் போனது என்று மனுசன் நிறுத்தாமல் சொன்னார். வேலை செய்த ஆளிடம் வரலாற்றைக் கேட்காதீர்கள், வேலையைக் கேளுங்கள். வரலாறு தானாக வரும். எங்கள் வீடுகளில் இருக்கும் முதியவர்களுக்கும் இது பொருந்தும்; இதை அன்றைக்குப் பிறகு வீட்டிலும் செய்து பார்க்கிறேன்.

கொலிங்வூட் கப்பல் போரில் தாழவில்லை. 1945 ஜூலையில் சேவையில் இருந்து விலக்கினார்கள். 1950இல் உடைத்தது எங்கே தெரியுமா, ஹமில்டனில். வெளியே போன அதே கால்வாய்களால் திரும்ப ஏறி வந்து, எங்கள் ஒன்ராறியோ ஏரிக்கரையிலேயே இரும்பாகிப்போனது.

முழுதாகப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு: கொலிங்வூட்டுக்கு ரொறன்ரோவில் இருந்து இரண்டு மணித்தியாலம், 400இல் பரி வரை போய் 26ஆம் நெடுஞ்சாலை. கோடையில் சனிக்கிழமை காலை அந்தப் பாதை நெரியும், கிழமை நாளில் போங்கள். ஆவணியிலும் குடாக் காற்று குளிரும். முதியவர்களோடு போனால் ஜக்கெட் தேவை. வசாகாவில் நான்சி தீவையும் கொலிங்வூட் அருங்காட்சியகத்தையும் ஒரே நாளில் முடிக்கலாம், முதலில் நான்சி. லொக் எப்படி வேலை செய்கிறது என்று பிள்ளைகளுக்குக் காட்ட செயின்ட் கதரின்ஸில் வெலண்ட் கால்வாயின் மூன்றாம் லொக்கில் மேடை இருக்கிறது. கப்பல் வரும் நேரத்தை முன்பே பார்த்துக்கொண்டு போங்கள், இல்லையென்றால் வெறுந்தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். மொன்றியாலில் உறவினர் வீட்டுக்குப் போகிறவர்கள் லஷீன் கால்வாயோரம் நடந்து பாருங்கள். அந்தப் பழைய வாசலின் ஒடுக்கம் அங்கேதான் கண்ணுக்குத் தெரியும். பெரியப்பா அங்கே லொக்கின் அகலத்தை எட்டு வைத்து அளந்து, “ரெண்டு பக்கமும் ஆறடி. வடிவாப் போகும்” என்று சான்றிதழ் கொடுத்தார்.

கனடிய நேவியில் ஓடிய 120க்கும் மேற்பட்ட கொர்வெட்களில் மிஞ்சியிருப்பது சக்வில் ஒன்றுதான். அது நியூ பிரன்சுவிக்கின் செயின்ட் ஜோனில் கட்டியது, ஹலிபக்ஸில் நிற்கிறது. பெரியப்பா அதன் எஞ்சின் ரூமுக்குள் இறங்கிப் பார்த்தே தீருவேன் என்று நிற்கிறார். முழங்கால் வலி, ஏணி செங்குத்து என்றால் கேட்கிற ஆள் இல்லை. குளிர்காலத்தில் அதைக் கடற்படைத் துறைக்குள் கொண்டுபோய்விடுவார்கள், ஆகவே கோடைக்குத்தான் ரிக்கெற் பார்க்கிறோம். பழுதுபார்க்க எடுத்திருக்கிறார்களா என்று கேட்டுவிட்டு வாங்குவது நல்லது.